மரை பொருந்தும், படம் பொருந்தாது

ரத்தப் பரிசோதனை நிலையங்களில் அடிக்கடி நடக்கிற காட்சி இது. மைக்ராஸ்கோப்பின் 40எக்ஸ் லென்ஸ் மங்கிப்போகிறது. புதிது வாங்க யோசனை. பழுதாகி ஓரங்கட்டப்பட்ட வேறொரு கருவியின் உதிரிகள் உள்ளறை அலமாரியில் கிடக்கின்றன. அவற்றில் ஒரு 40எக்ஸ் இருக்கிறது. டெக்னீஷியன் அதை எடுத்து மாட்டுகிறார். மரை சிக்காமல் ஏறி, கச்சிதமாகப் போய் உட்காருகிறது. ஸ்லைடை வைத்துப் பார்த்தால் சிவப்பணுக்கள் பனிமூட்டத்துக்குள் நிற்பதுபோல் தெரிகின்றன. சின்னத் திருகை முன்னும் பின்னும் எவ்வளவு திருப்பினாலும் விளிம்பு தெளியவில்லை. லென்ஸைத் துடைக்கிறார். மறுபடியும் துடைக்கிறார். "இதுவும் போயிடுச்சு சார்" என்று சொல்லி டப்பாவில் போட்டுவிடுகிறார்.

லென்ஸ் போகவில்லை. அது வேறு வகைக் குழலுக்காகச் செய்யப்பட்டது. அந்த விவரம் அதன் உடம்பிலேயே பொடி எழுத்தில் பொறிக்கப்பட்டிருந்தது.

பாடநூல்கள் இதைப் பொருளருகு லென்ஸ் என்கின்றன. ஆய்வகத்தில் ஆப்ஜெக்டிவ் என்றால்தான் புரியும். ஸ்லைடுக்கு மிக அருகில் நின்று முதல் படத்தை உருவாக்குவது இதுதான். கண்ணருகு லென்ஸ், அதாவது ஐபீஸ், இது கொடுத்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டுமே தவிர, இது விட்டுவிட்ட எதையும் புதிதாகச் சேர்க்க முடியாது. ஒரு சாதாரண 40எக்ஸைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கலாம். பம்பரத்தின் பருமனுள்ள உலோகக் கூடு. அதைச் சுற்றி இளநீல நிறத்தில் ஒரு வளையம். 40/0.65 என்று ஒரு வரி. அதன் கீழே 160/0.17 என்று இன்னொரு வரி. நுனியை விரலால் மெல்ல அழுத்தினால் உள்ளே அமுங்கி, விட்டதும் வெளியே வரும். தவறிப்போய் ஸ்லைடில் மோதினால் இரண்டுக்கும் சேதம் வராமலிருக்க வைத்த ஸ்பிரிங் அது. நுனியில் தெரியும் கண்ணாடி ஒரு மிளகின் அளவுகூட இருக்காது.

நான்கு எண்கள்தான். அந்த லென்ஸ் எதைக் காட்டும், யாரோடு சேர்ந்தால் காட்டும் என்பதெல்லாம் அவற்றில் இருக்கிறது. மரை எப்படிப் பொருந்தியது என்பது மட்டும் அவற்றில் இல்லை. அதற்கு லண்டனுக்குப் போக வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மைக்ராஸ்கோப் செய்யும் ஒவ்வொருவரும் தமக்கென்று ஒரு மரை வைத்திருந்தார்கள். ஒருவரிடம் வாங்கிய லென்ஸை இன்னொருவர் செய்த கருவியில் மாட்ட வேண்டுமானால் இடையில் ஒரு பித்தளை வளையம் கடைந்து வாங்க வேண்டும். 1839இல் தொடங்கப்பட்ட லண்டன் மைக்ராஸ்கோப் சங்கம் 1858இல் இதற்கு ஒரு முடிவு கட்டியது. விட்டம் 0.8 அங்குலம், ஓர் அங்குல நீளத்துக்கு 36 புரிகள் என்று அளவு வகுத்தார்கள். 1866இல் அந்தச் சங்கம் அரச சாசனம் பெற்று ராயல் மைக்ராஸ்கோபிகல் சொசைட்டி ஆனது, மரைக்கும் ஆர்.எம்.எஸ். என்ற பெயர் நிலைத்துவிட்டது. மெட்ரிக் அளவில் ஊறிய ஜெர்மன் நிறுவனங்களும் ஜப்பானிய நிறுவனங்களும்கூட அந்த அங்குல மரையை ஏற்றுக்கொண்டன. இந்தியாவின் பள்ளி, கல்லூரிகளுக்கு மைக்ராஸ்கோப் செய்து அனுப்பும் ஹரியானாவின் அம்பாலாவிலும் அதே மரைதான் புழக்கத்தில் இருக்கிறது. 160 ஆண்டுகளைத் தாண்டி ஒரு திருகு அளவு உலகம் முழுக்கச் செல்லுபடியாவது சாதாரண விஷயமில்லை. ஆனால் அன்று ஒன்றாக்கியது மரையை மட்டும்தான். ஒளியின் கணக்கு அதற்குப் பிறகு பல திசைகளில் பிரிந்து போய்விட்டது.

முதல் எண்ணைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. 40 என்றால், உரிய கருவியில் மாட்டும்போது லென்ஸ் தரும் படம் பொருளைப்போல் 40 மடங்கு. அதை 10 மடங்கு ஐபீஸ் வழியாகப் பார்த்தால் மொத்தம் 400. பழைய பித்தளை லென்ஸ்களில் இந்த எண்ணே இருக்காது. 1/6, 1/12 என்று குவியதூரத்தை அங்குலத்தில் போட்டிருப்பார்கள். 1/12 அங்குலம் என்பது ஏறக்குறைய இன்றைய 100எக்ஸ். பழைய கல்லூரி ஆய்வகங்களின் மர அலமாரிகளில் அப்படிப்பட்டவை இன்னும் கிடக்கக்கூடும். கண்டால் தூக்கி எறிந்துவிடக் கூடாது.

இரண்டாவது எண்ணில்தான் உயிர் இருக்கிறது. 0.65 என்பதற்கு நியூமெரிக்கல் அப்பர்ச்சர் என்று பெயர், சுருக்கமாக என்.ஏ. ஸ்லைடில் உள்ள ஒரு புள்ளியிலிருந்து கிளம்பும் ஒளி கூம்புபோல் விரிந்து மேலே வருகிறது. அந்தக் கூம்பில் எவ்வளவு அகலத்தை லென்ஸ் வாரிக்கொள்கிறது என்பதன் அளவு இது. 4எக்ஸ் லென்ஸில் பொதுவாக 0.10 என்றிருக்கும், அது வாங்கும் கூம்பின் கோணம் 11 டிகிரி சொச்சம், ஊசிபோல் ஒடுங்கியது. 40/0.65 வாங்குவது 81 டிகிரி, மண்ணெண்ணெய் ஊற்றும் புனல்போல் வாய் விரிந்தது.

இந்த எண்ணுக்குப் பெயர் வைத்தவர் எர்ன்ஸ்ட் ஆபே. ஜெர்மனியின் யேனா நகரில் பல்கலைக்கழக ஆசிரியராக இருந்தவரை, அதே ஊரில் மைக்ராஸ்கோப் பட்டறை வைத்திருந்த கார்ல் ட்ஸைஸ் 1866இல் தன்னோடு சேர்த்துக்கொண்டார். அதுவரை லென்ஸ் செய்வது கைப்பழக்கத்தில் நடந்த வேலை. தேய்த்துப் பார்ப்பது, மாட்டிப் பார்ப்பது, சரியில்லையென்றால் இன்னொன்று. ஆபே அதைக் கணக்குக்குள் கொண்டுவந்தார். 1873இல் வெளியிட்ட கட்டுரையில், மைக்ராஸ்கோப்புக்கு ஓர் எல்லை இருக்கிறது, அந்த எல்லையை வைப்பது ஒளியின் அலைநீளமும் லென்ஸ் வாங்கும் கூம்பும்தான் என்று காட்டினார். யேனாவில் அவருடைய நினைவுச் சின்னத்தில் இந்தச் சமன்பாட்டையே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். (தொழிலாளர்களுக்கு எட்டு மணி நேர வேலையை 1900இலேயே அந்தத் தொழிற்சாலையில் நடைமுறைப்படுத்தியவரும் இவர்தான். லென்ஸ் கணக்கோடு சேர்த்து இதையும் நினைவில் வைக்கத் தகும்.)

கணக்கு எளிது. பச்சை ஒளியின் அலைநீளம் 0.55 மைக்ரான் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இதை என்.ஏ.வின் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு புள்ளிகள் எவ்வளவு நெருங்கும்வரை அந்த லென்ஸ் அவற்றை இரண்டாகக் காட்டும் என்ற விடை வரும். 4/0.10 லென்ஸுக்கு 2.75 மைக்ரான். 10/0.25க்கு 1.1. 40/0.65க்கு 0.42. 100/1.25க்கு 0.22. அதற்குக் கீழே இரண்டு புள்ளியும் ஒன்றாகக் கலந்துவிடும். எவ்வளவு பெரிதாக்கினாலும் பெரிய கலங்கலாகத்தான் தெரியும்.

குழந்தைகளுக்கென்று விற்கும் மைக்ராஸ்கோப்களின் அட்டைப்பெட்டியில் 1200எக்ஸ் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதை இந்தக் கணக்கோடு வைத்துப் பார்க்க வேண்டும். என்.ஏ.வைப்போல் 500 முதல் 1000 மடங்கு வரை பெரிதாக்கினால் பயனுண்டு என்பது நெடுநாள் வழக்கு. 0.65 லென்ஸுக்கு 650 மடங்கோடு சரக்கு தீர்ந்துவிடும். 1200 மடங்கு உண்மையில் பயன்பட வேண்டுமானால் 1.2க்கு மேல் என்.ஏ. வேண்டும், அது எண்ணெய் விட்டுப் பார்க்கும் லென்ஸ். பிள்ளைக்கு வாங்கித் தரும் பெற்றோர் பெட்டியில் இருக்கும் எண்ணை விட்டுவிட்டு லென்ஸில் இருக்கும் எண்ணைப் பார்க்கலாம். என்.ஏ.வே பொறிக்காத லென்ஸ் என்றால் வாங்காமல் திரும்புவது நல்லது. மூன்று நல்ல லென்ஸோடு 400 மடங்கில் நிற்கும் எளிய கருவி, வெங்காயத் தோலையும் குளத்துத் தண்ணீரையும் பிள்ளைக்கு ஆசை தீரக் காட்டும்.

இன்னொன்றும் உண்டு. லென்ஸ் 81 டிகிரிக் கூம்பை வாங்கத் தயாராக இருந்தாலும், கீழேயிருந்து அத்தனை அகல ஒளியை அனுப்ப வேண்டியது கண்டென்சர். வெளிச்சம் கண்ணைக் கூசுகிறதென்று பலர் கண்டென்சரின் இதழ்த்திரையை முக்கால்வாசி மூடிவிடுவார்கள். கூச்சம் குறையும், நுணுக்கமும் குறைந்துவிடும். வெளிச்சத்தைக் குறைக்க விளக்கின் திருகு இருக்கிறது.

காற்றில் வேலை செய்யும் லென்ஸின் என்.ஏ. 0.95ஐத் தாண்டுவது அரிது. காரணம் பள்ளி இயற்பியல். கண்ணாடியிலிருந்து காற்றுக்கு வரும் ஒளி சுமார் 41 டிகிரிக்கு மேல் சாய்ந்தால் வெளியே வராமல் கண்ணாடிக்குள்ளேயே திரும்பிவிடும்: முழு அக எதிரொளிப்பு. ஸ்லைடுக்கும் லென்ஸுக்கும் நடுவே காற்று இருக்கிற வரை அந்தச் சாய்ந்த ஒளி நமக்குக் கிடையாது. அந்தக் காற்றுக்குப் பதிலாக ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, கண்ணாடிக்கும் எண்ணெய்க்கும் ஒளிவிலகல் எண் ஒன்றாகவே இருந்தால்? இரண்டும் ஏறத்தாழ 1.515. ஒளிக்கு எல்லையே தெரியாது, நேரே போய்விடும். ஆபே 1878இல் செய்து முடித்த எண்ணெய் லென்ஸின் தத்துவம் இவ்வளவுதான். அதை உடனே கையிலெடுத்தவர்களில் ஒருவர் ராபர்ட் கோஹ். ஆபேயின் கண்டென்சரும் எண்ணெய் லென்ஸும் அவர் கையில் இருந்தன. காசநோய்க் கிருமியைக் கண்டதாக 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் அறிவித்தார். அந்தக் கிருமியின் நீளம் சுமார் 2 முதல் 4 மைக்ரான். தடிப்பு அரை மைக்ரானுக்கும் கீழே. மேலே போட்ட கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தால், 0.22 மைக்ரானைப் பிரிக்கும் லென்ஸ் ஏன் தேவைப்பட்டது என்று விளங்கும். சளிப் பரிசோதனைக்காக இந்தியாவின் அரசு மருத்துவமனைகளில் இன்றும் 100எக்ஸ் எண்ணெய் லென்ஸ் சுழன்றுகொண்டிருக்கிறது.

அந்த லென்ஸில் 100/1.25 என்பதோடு ஆயில் என்று எழுதியிருக்கும். பழைய ஜெர்மன் லென்ஸ் என்றால் ஓயல் அல்லது எச்.ஐ. என்றிருக்கும். உடம்பில் வெள்ளை வளையமும், நுனிக்கு அருகே கறுப்பு வளையமும் ஓடும். இந்த நிற ஒழுங்கு தெரிந்தால் தூரத்திலிருந்தே அடையாளம் காணலாம். 4க்குச் சிவப்பு, 10க்கு மஞ்சள், 20க்குப் பச்சை, 40க்கு இளநீலம், 60க்குக் கருநீலம், 100க்கு வெள்ளை. நுனி வளையம் கறுப்பானால் எண்ணெய், வெள்ளையானால் தண்ணீர், ஆரஞ்சானால் கிளிசரின். நுனி வளையம் இல்லையென்றால் எதையும் விடக் கூடாது.

விடக் கூடாத இடத்தில்தான் எண்ணெய் போகிறது. மாணவர் 100எக்ஸில் பார்த்துக்கொண்டிருக்கிறார். வேறோர் இடத்தைத் தேட வேண்டியிருக்கிறது. சட்டென்று 40எக்ஸைத் திருப்புகிறார். 40எக்ஸுக்கும் ஸ்லைடுக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் சொச்சம்தான் இடைவெளி. ஸ்லைடின் மேல் நிற்கும் எண்ணெய்த் திட்டு அதைவிட உயரம். லென்ஸ் நேராக எண்ணெயில் முங்குகிறது. எண்ணெய் லென்ஸின் நுனி அதற்காகவே மூடி அடைக்கப்பட்டது. 40எக்ஸின் நுனி அப்படியல்ல. யாரும் கவனிக்காவிட்டால் எண்ணெய் கண்ணாடியின் ஓரத்தில் காய்ந்து உள்ளே கசியத் தொடங்கும். அந்த வகுப்பில் அதற்குப் பிறகு வரும் எல்லோருக்கும் 40எக்ஸ் "கொஞ்சம் மங்கல்". ஆய்வகங்களில் 40எக்ஸ்தான் முதலில் கெடுகிறது என்றால் பெரும்பாலும் காரணம் இதுவே. உடனே கண்டால் பாதகமில்லை. லென்ஸ் துடைக்கும் தாளால் ஒற்றி எடுத்து, இன்னொரு தாளில் சைலீன் ஒரு சொட்டு தொட்டுத் துடைத்து, உலர்ந்த தாளால் முடிக்கலாம். சைலீனில் நனைத்தால் கண்ணாடிகளை ஒட்டியிருக்கும் பசை இளகும். கைக்குட்டை, சட்டை நுனி எல்லாம் கீறலுக்கு வழி.

எண்ணெய் விலையைப் பார்த்து லிக்விட் பாரஃபின் விடுகிற வழக்கமும் பரவலாக இருக்கிறது. அதன் ஒளிவிலகல் எண் 1.48க்குப் பக்கத்தில். படம் தெரியும். ஆனால் 1.515ஐ நம்பிக் கணக்கிட்ட லென்ஸின் கூர்மை அங்கே குறைகிறது. கிருமி இருக்கிறதா இல்லையா என்று ஒருவருடைய சிகிச்சையை முடிவு செய்யும் இடத்தில் அந்தச் சிக்கனம் வேண்டாம்.

இனி இரண்டாவது வரி. 160/0.17இல், பின்னால் நிற்கும் 0.17 என்பது கவர் ஸ்லிப்பின் தடிப்பு, மில்லிமீட்டரில். ஸ்லைடின் மேல் மூடும் அந்த மெல்லிய கண்ணாடியையும் தன் கணக்கில் ஒரு லென்ஸாகவே சேர்த்துக்கொண்டு ஆப்ஜெக்டிவை வடிவமைக்கிறார்கள். அது இல்லாவிட்டாலோ, தடிப்பு மாறினாலோ கோளப்பிறழ்ச்சி தலைகாட்டும்: ஓரத்து ஒளி ஓரிடத்திலும் நடு ஒளி வேறிடத்திலும் குவியும். 4எக்ஸும் 10எக்ஸும் இதைப் பொருட்படுத்துவதில்லை. எண்ணெய் லென்ஸும் பெரிதாகக் கண்டுகொள்ளாது, எண்ணெயும் கண்ணாடியும் அதற்கு ஒன்றுதான். அடிபடுவது மறுபடியும் 40எக்ஸ்.

ரத்தப் பூச்சு ஸ்லைடை யோசித்துப் பாருங்கள். அதைப் பூசி, சாயமேற்றி, உலர்த்தி, மூடாமலேயே பார்ப்பார்கள். 10எக்ஸில் தெளிவு. 100எக்ஸில் எண்ணெய் விட்டால் தெளிவு. நடுவே 40எக்ஸில் மட்டும் ஒரு கழுவிவிட்டாற்போன்ற படம். லென்ஸ் கெட்டுவிட்டதென்று பழி வரும். கைதேர்ந்தவர்கள் பூச்சின் மேல் ஒரு சின்னச் சொட்டு எண்ணெய் வைத்து, அதன்மேல் கவர் ஸ்லிப்பைப் படியவிட்டு, காய்ந்த மேற்புறம் வழியாக 40எக்ஸில் பார்ப்பார்கள். வெள்ளணுவின் உட்கருப் பிரிவுகள் பளிச்சென்று எழுந்து நிற்கும். வாங்கும்போது கவர் ஸ்லிப் பெட்டியையும் பார்க்க வேண்டும். 1 என்று போட்டிருந்தால் தடிப்பு 0.13 முதல் 0.16, 1½ என்றால் 0.16 முதல் 0.19. லென்ஸ் கேட்பது இரண்டாவதை.

0.17 இருக்கும் இடத்தில் 0 என்று இருந்தால் அந்த லென்ஸ் மூடாத பொருளுக்கானது. உலோகத் துண்டுகளைச் சோதிப்பவர்கள் பயன்படுத்துவது. சிறு கோடு மட்டும் இருந்தால், மூடினாலும் மூடாவிட்டாலும் சரி. 1.2 போல் பெரிய எண் என்றால், பிளாஸ்டிக் குடுவையின் அடிப்பக்கம் வழியாகச் செல்களைப் பார்க்கும் தலைகீழ் மைக்ராஸ்கோப்பின் லென்ஸ். விலையுயர்ந்த சில லென்ஸ்களில் 0.11–0.23 என்று எழுதிய வளையம் இருக்கும். அதைத் திருகி, கையிலிருக்கும் கவர் ஸ்லிப்புக்கு ஏற்ப லென்ஸைத் திருத்திக்கொள்ளலாம்.

கடைசியாக 160. தொடக்கத்தில் சொன்ன டெக்னீஷியனின் சிக்கல் இங்கேதான் இருக்கிறது.

பழைய முறையில், ஆப்ஜெக்டிவ் தானே ஒளியைக் குவித்துக் குழலுக்குள் படத்தை உருவாக்கும். மரை உட்காரும் இடத்திலிருந்து ஐபீஸ் உட்காரும் விளிம்புவரை உள்ள தூரம் 160 மில்லிமீட்டர் என்று பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டார்கள். லைட்ஸ் நிறுவனம் நீண்ட காலம் 170இல் நின்றது. புதிய முறையில் அந்த எண்ணுக்குப் பதிலாகப் படுத்த எட்டுபோல் ∞ குறி இருக்கும். இந்த லென்ஸ் ஒளியைக் குவிப்பதில்லை. இணைகதிர்களாக மேலே அனுப்பிவிடும். அவற்றைக் குவித்துப் படமாக்குவது குழலுக்குள் நிலையாக இருக்கும் இன்னொரு லென்ஸ். நடுவில் இணைகதிர்கள் ஓடும் இடைவெளியில் வடிகட்டிகள், பிரதிபலிப்பான்கள் எதை வைத்தாலும் படம் கெடாது. ஒளிரும் சாயங்களை வைத்து நடக்கும் இன்றைய ஆராய்ச்சிக்கு இந்த இடைவெளிதான் பெரிய வசதி.

∞ போட்ட லென்ஸை 160 குழலில் மாட்டினால், படத்தைக் குவிக்க வேண்டிய குழல் லென்ஸ் அங்கே இல்லை. மேடையை நகர்த்தி எப்படியோ ஒரு படத்தைப் பிடித்துவிடலாம். ஆனால் லென்ஸ் அதற்கு வகுத்த தூரத்தில் நிற்கவில்லை. கோளப்பிறழ்ச்சி பனிமூட்டமாக வந்து உட்காரும். பெரிதாக்கமும் 40 இராது. 4எக்ஸாக இருந்தால் சமாளித்திருக்கலாம். 40எக்ஸ் அதற்கு இடம் கொடுக்காது.

இரண்டிலும் ∞ இருந்தால் போதுமா என்றால், போதாது. குழல் லென்ஸின் குவியதூரம் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. ஒலிம்பஸ் 180 மில்லிமீட்டர், நிக்கானும் லைக்காவும் 200, ட்ஸைஸ் 165. ஒலிம்பஸின் 40எக்ஸ் லென்ஸின் குவியதூரம் 180ஐ 40ஆல் வகுத்த 4.5 மில்லிமீட்டர். அதை நிக்கான் குழலில் வைத்தால் 200ஐ 4.5ஆல் வகுக்க வேண்டும். 44 மடங்கு ஆகிவிடும். பார்ப்பதற்கு மட்டுமென்றால் பெரிய குற்றமில்லை. அணுவின் அளவை எடுத்து எழுதுகிறவர் பத்து சதவீதத்துக்கு மேல் தப்பாக எழுதுவார்.

மரையும் இப்போது ஒன்றாக இல்லை. ஒளியை இன்னும் அகலமாக வாங்க ஆர்.எம்.எஸ். வாய் போதாமல், நிக்கானும் லைக்காவும் 25 மில்லிமீட்டர் மரைக்குப் போயின. ட்ஸைஸின் புதிய லென்ஸ்கள் 27. ஒலிம்பஸ் பெரும்பாலும் பழைய மரையிலேயே நிற்கிறது. நிக்கானையும் லைக்காவையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது சுவாரசியமானது: ஒரே மரை, ஒரே 200 மில்லிமீட்டர் குழல் லென்ஸ். மாற்றி மாட்டினால் கச்சிதமாக ஏறும். ஆனால் மரையின் தோளிலிருந்து பொருள்வரை உள்ள தூரம் லைக்காவில் 45 மில்லிமீட்டர், நிக்கானில் 60. லென்ஸ்கள் மாட்டும் ஒரே சுழல் தலையில் இரண்டையும் கலந்து மாட்டியவர், குட்டை லென்ஸில் ஃபோகஸ் செய்துவிட்டு நெட்டை லென்ஸைத் திருப்பினால் அது ஸ்லைடின் மேல் ஏறும்.

இந்தத் தோள் தூரம் எந்த லென்ஸிலும் எழுதியிருக்காது, அளந்துதான் பார்க்க வேண்டும். ஒரு மைக்ராஸ்கோப்பில் 10எக்ஸில் ஃபோகஸ் செய்து 40எக்ஸுக்குத் திருப்பினால் படம் ஏறக்குறைய அப்படியே நிற்கிறதே, அதற்குக் காரணம் எல்லா லென்ஸுக்கும் அந்தத் தூரம் ஒன்றாக இருப்பது. டின் என்ற ஜெர்மன் தரநிலை அதை 45 என்று வைத்தது. பழைய ஜப்பானிய லென்ஸ்களில் 36. பழைய மாணவர் மைக்ராஸ்கோப்களில் காணும் குட்டையான லென்ஸ்கள் இந்த வகை. அவற்றை 45க்கான கருவியில் மாட்டினால் மேடையை இன்னும் 9 மில்லிமீட்டர் உயர்த்த வேண்டும். பல மேடைகள் அவ்வளவு உயராது.

நிறத்திலும் ஒரு பங்காளிக் கணக்கு இருக்கிறது. பழைய லென்ஸ்கள் பலவற்றில் நிறப்பிறழ்ச்சியின் ஒரு பகுதியை ஆப்ஜெக்டிவில் விட்டுவைத்து, அதற்கு எதிரான பிறழ்ச்சியை ஐபீஸில் வைத்து இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளும்படி செய்தார்கள். அப்படிப்பட்ட ஐபீஸில் கே அல்லது சி என்ற எழுத்து இருக்கும். ஜோடி பிரிந்தால், படத்தின் நடுவில் எல்லாம் சரியாக இருக்கும். ஓரத்துக்குப் போகப் போக ஒவ்வோர் அணுவுக்கும் ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமும் கரைகட்டும். 1976இல் நிக்கான் கொண்டுவந்த சி.எஃப். வரிசை இந்தத் திருத்தத்தை முழுக்க ஆப்ஜெக்டிவுக்குள்ளேயே முடித்தது. லைக்காவும் ட்ஸைஸும் பிற்பாடு ஒரு பங்கைக் குழல் லென்ஸிடம் கொடுத்தன. ஒரு நிறுவனத்தின் லென்ஸை இன்னொன்றின் உடம்பில் மாட்டுவதற்கு முன், பாக்கித் திருத்தம் யாரிடம் இருக்கிறது என்று கேட்க வேண்டியிருப்பது இதனால்தான்.

எண்களோடு சில சொற்களும் நிற்கும். பிளான் என்றிருந்தால் படம் ஓரம்வரை சமதளமாக ஃபோகஸாகும். புகைப்படம் எடுப்பவர்களுக்கு அது வேண்டும். எதுவும் எழுதாத சாதாரண லென்ஸ் அக்ரோமேட். இரண்டு நிறங்களை ஓரிடத்தில் சேர்க்கும். அப்போ என்றால் அப்போகுரோமேட். மூன்று நிறங்களைச் சேர்க்கும். ஓட்டோ ஷாட் காய்ச்சிய புதுவகைக் கண்ணாடியையும் ஃபுளோரைட் என்ற கனிமத்தையும் கொண்டு ஆபே 1886இல் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். இரண்டுக்கும் நடுவே நிற்பது ஃபுளோர். பி.எச்.1, பி.எச்.2 என்று பச்சை எழுத்தில் இருந்தால் ஃபேஸ் கான்ட்ராஸ்ட். சாயமேற்றாத உயிருள்ள செல்லைக் காட்டுவதற்காக ஃபிரிட்ஸ் சேர்னிக்கெ கண்ட முறை, 1953இல் அவருக்கு நோபல் பரிசு வாங்கித் தந்தது. லென்ஸைப் பின்புறமிருந்து வெளிச்சத்துக்குக் காட்டினால் உள்ளே சாம்பல் நிற வளையம் ஒன்று தெரியும். கண்டென்சரிலும் அதே எண்ணுள்ள வளையம் இல்லாவிட்டால் பயனில்லை.

பழைய லென்ஸ் வாங்குகிறவர்கள் விலை பேசும் முன் செய்யத்தக்கது ஒன்று உண்டு. ஐபீஸைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்தால் அது நல்ல உருப்பெருக்கி. அதை வைத்து ஆப்ஜெக்டிவின் நுனியைப் பார்த்தால் கீறலும் காய்ந்த எண்ணெயும் தெரியும். பின்புறம் வழியே சாய்வாகப் பார்த்தால் பூஞ்சை தெரியும். சிலந்தி வலை மாதிரி நூல் நூலாகப் படர்ந்திருக்கும். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் மூடிவைத்த லென்ஸ்களுக்கு இது பெரிய எதிரி. சிலிகா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் வைத்து, பொட்டலத்தை அவ்வப்போது சூடாக்கி உலர்த்திப் போட்டால் ஆண்டுக்கணக்கில் தாங்கும். உள்ளே பூஞ்சை படர்ந்து கண்ணாடியின் பூச்சை அரித்துவிட்டால், எந்த எண் பொறித்திருந்தாலும் விட்டுவிட வேண்டியதுதான்.

அந்தப் பரிசோதனை நிலையத்தின் டப்பாவில் கிடக்கும் 40எக்ஸில் பூஞ்சை இல்லை, கீறல் இல்லை. ஸ்பிரிங் நன்றாக அமுங்கி எழுகிறது. வெளிச்சத்தில் திருப்பினால் இளநீல வளையத்துக்கு மேலே 40/0.65, கீழே ∞/0.17, பக்கத்தில் செய்த நிறுவனத்தின் பெயர். அதே நிறுவனத்தின், அதே ∞ குறியுள்ள மைக்ராஸ்கோப் ஒன்று, 40எக்ஸ் துளையில் தூசு மூடியோடு, அடுத்த தெரு ஆய்வகத்திலேயே நின்றுகொண்டிருக்கலாம்.